அறியாத சொல்லுக்கு அக்கம்பக்கமே சாட்சி

(ஆங்கிலச் சொல்வளம் குறித்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சிப் படைப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன் பேசிய நண்பர், நாளுக்குப் பத்துச் சொல் வீதம் ஆங்கில அகராதியை மனப்பாடம் செய்தால் ஓராண்டில் 3,650 சொற்கள் சேர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். கைத்தட்டலும் வாங்கினார். கணக்கில் குறையில்லை. ஆனால், அந்தப் பத்துச் சொல் எந்தப் பத்துச் சொல்? ஒவ்வொன்றுக்கும் எந்தப் பொருளை மனப்பாடம் செய்வது? இந்த இரண்டு கேள்விகளையும் அவர் தொடவே இல்லை. நான் அங்கிருந்து தொடங்குகிறேன்.

'காம்பவுண்ட்' என்ற ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டில் இந்தச் சொல்லைக் கேட்டதும் கார் வைத்திருப்பவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். நகராண்மைக் கழகத்து அதிகாரி கண்ணாடித் துடைப்பானில் செருகிவிட்டுப் போகும் தாள்தான் நம் கண்முன் வரும். ஆனால், நம் பிள்ளையின் அறிவியல் நூலில் 'காம்பவுண்ட்' என்றால் சேர்மம். வங்கிக்காரர் 'காம்பவுண்ட் இண்ட்ரஸ்ட்' என்றால் கூட்டு வட்டி. பள்ளி வாசலில் 'ஸ்கூல் காம்பவுண்ட்' என்று எழுதியிருந்தால் வளாகம். இந்த வளாகம் என்ற பொருள் மலாய் மொழியின் 'கம்போங்' என்ற சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்குப் போயிருக்கலாம் என்று அகராதி ஆசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். நம்மூர்ச் சொல்தான் கோட்டுப் போட்டுக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது போலும்! இப்போது சொல்லுங்கள், பட்டியலில் 'காம்பவுண்ட்' என்பதற்கு நேரே எதை எழுதுவீர்கள்? சேர்மம் என்று மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளை, அப்பாவின் கார் மேல் இருந்த தாளைப் படித்துவிட்டு என்ன நினைக்கும்?

சொல்லின் பொருளை அந்தச் சொல்லுக்குள் மட்டும் தேடினால் கிடைக்காது. அதன் அக்கம்பக்கத்தில் தேட வேண்டும். இதை ஆங்கில ஆசிரியர்கள் 'காண்டெக்ஸ்ட் க்ளூ' என்கிறார்கள். சூழல் தரும் துப்பு என்று நாம் சொல்லலாம். ஏதோ வெள்ளைக்காரர் கண்டுபிடித்த புது உத்தி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்தில், கிளவியாக்கம் என்ற பகுதியில், பல பொருள் தரும் ஒரு சொல்லை எப்படித் தெளிவது என்று வழி சொல்லியிருக்கிறது. மூன்று துப்புகள். ஒன்று, அந்தச் சொல்லோடு வரும் வினை. இரண்டு, அதனுடன் சேர்ந்து வரும் இனச்சொல். மூன்று, பேசப்படும் சூழ்நிலை, அதாவது சார்பு. 'மா பூத்தது' என்றால் மாமரம், வினை காட்டிக் கொடுத்துவிட்டது. 'மாவும் பலாவும்' என்றால் பக்கத்தில் நிற்கும் பலா காட்டிக் கொடுக்கிறது. போர்க்கவசம் அணிந்து நிற்கும் வீரன் 'மா கொண்டு வா' என்றால், மாம்பழத்தையா கொண்டுபோய்க் கொடுப்போம்? குதிரையைத்தான் கொண்டு போவோம்.

இதே அளவுகோலை அந்தக் 'காம்பவுண்ட்' மேல் வைத்துப் பாருங்கள். 'பே' என்ற வினை வந்தால் அபராதம். 'எலிமெண்ட், மிக்ஸ்சர்' என்று இனச்சொற்கள் பக்கத்தில் இருந்தால் சேர்மம். வேலியில் தொங்கும் அறிவிப்புப் பலகை என்றால் வளாகம். தமிழ்ப்பள்ளியில் தமிழ் இலக்கணம் படிக்கும் பிள்ளைக்கு ஆங்கிலம் படிக்கும் கருவி ஏற்கெனவே கையில் இருக்கிறது. நாம்தான் அதைச் சொல்லிக் கொடுப்பதில்லை.

சரி, இங்கேயே ஒரு சோதனை செய்வோம். மாணவர்கள் மட்டும் பதில் சொல்ல வேண்டும், பெற்றோர் காதில் ஓதக்கூடாது. பையன் பள்ளிக்குப் புறப்படுகிறான். 'ரிலக்டண்ட்' ஆக இருக்கிறான். என்ன பொருள்? ... யாரோ 'சந்தோஷம்' என்றீர்கள், யாரோ 'அவசரம்' என்றீர்கள். இரண்டுமே பொருந்துகின்றன, இல்லையா? இப்போது இன்னொரு வாக்கியம் சேர்க்கிறேன். வெளியே கொட்டும் மழை, வீட்டுப்பாடமும் முடிக்கவில்லை. சந்தோஷம் போய்விட்டது, 'பயம்', 'கவலை' என்கிறீர்கள். நல்லது. மூன்றாவது வாக்கியம்: அம்மா இரண்டு முறை கூப்பிட்ட பிறகு, மெல்ல மெல்லக் காலணியை மாட்டிக்கொண்டு போனான். ஆ, அங்கே அந்தத் தங்கை சரியாகச் சொல்லிவிட்டாள், 'மனமில்லாமல்'. போகவே மாட்டேன் என்பதன்று, போகிறான், ஆனால் மனமில்லாமல் போகிறான். மூன்றாவது வாக்கியம் இல்லாமல் இந்த நுட்பம் பிடிபட்டிருக்காது.

இதிலிருந்து பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதல் வாக்கியத்தில் தவறாகச் சொன்ன பிள்ளைகள் யாரும் முட்டாள்கள் அல்லர். அந்த வாக்கியத்தில் துப்பே இல்லை. ஐசபெல் பெக் என்ற அமெரிக்க ஆய்வாளரும் உடன் ஆய்வு செய்தவர்களும் 1983-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதைத்தான் சொன்னார்கள். எல்லாச் சூழலும் ஒன்றுபோல் உதவுவதில்லை. சில வாக்கியங்கள் பொருளைக் கையில் கொடுக்கும், சில ஓரளவு காட்டும், சில வாய் திறக்காது, சில தவறான பக்கமே கை காட்டும். ஆகவே, பிள்ளை ஒரு வாக்கியத்தில் தடுமாறினால் 'இதுகூடத் தெரியலையா' என்று கேட்பதைவிட, 'அடுத்த வரியையும் படிச்சுப் பாரு கண்ணு' என்று சொல்வது எவ்வளவோ மேல்.

துப்பு கொடுக்கும் சிறு சொற்கள் சில உண்டு. 'பட்', 'ஆல்தோ', 'அன்லைக்' என்று வந்தால், முன்னே சொன்னதற்கு எதிரானது பின்னே வருகிறது என்று பொருள். 'சச் ஏஸ்' என்றால் எடுத்துக்காட்டு வருகிறது. அறிவியல் நூல்களில் துப்பு இன்னும் தாராளம். 2016-இல் தொடங்கிய இருமொழிப் பாடத்திட்டத்தின் கீழ் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் படிக்கும் பிள்ளைகள் நம் தமிழ்ப்பள்ளிகளிலும் இருக்கிறார்கள். ஆந்தையும் வௌவாலும் 'நாக்டர்னல்' விலங்குகள், அவை பகலில் உறங்கி இரவில் இரை தேடும் என்று பாடம் வந்தால், அந்த நீண்ட சொல்லுக்கு அகராதி எதற்கு? விடை அதே வரியில் உட்கார்ந்திருக்கிறது. ஆனால், பிள்ளை அந்தச் சொல்லைப் பார்த்ததும் பயந்து நின்றுவிட்டால் விடை வரை போய்ச் சேராது. அதுதான் என் கவலையெல்லாம். சொல் தெரியாததால் தோற்கும் பிள்ளைகளைவிட, தெரியாத சொல்லில் நின்றுவிட்டு மீதியைப் படிக்காமல் தோற்கும் பிள்ளைகள் அதிகம் என்பது என் எண்ணம்.

எங்கள் தொழிலிலும் இது அன்றாடம் நடப்பது. ஆங்கிலத்தில் வரும் செய்தியைத் தமிழாக்கும் போது 'டேபிள்' என்ற சொல் வரும். நிதியமைச்சர் நாடாளுமன்றத்தில் வரவு செலவுத் திட்டத்தை 'டேபிள்' செய்தார் என்றால் தாக்கல் செய்தார் என்று பொருள். இதே சொல் அமெரிக்க நாடாளுமன்றச் செய்தியில் வந்தால், மசோதாவை ஒதுக்கி வைத்தார்கள் என்று பொருள். நேர் எதிர்! செய்தி எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதே அங்கே துப்பு. தொல்காப்பியர் சொன்ன சார்பு இதுதான்.

அடுத்து, எந்தப் புத்தகத்தைக் கொடுப்பது என்ற கேள்வி. நியூசிலாந்தைச் சேர்ந்த மொழியியல் பேராசிரியர் பால் நேஷன் சொல்வளம் குறித்துப் பல்லாண்டு ஆராய்ந்தவர். பிறர் உதவியின்றி ஒரு கதையைப் படித்துப் புரிந்துகொள்ள, அதிலுள்ள சொற்களில் ஏறக்குறைய 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும் என்பது 2000-இல் அவரும் இன்னொருவரும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வின் முடிவு. அதாவது 50 சொல்லுக்கு ஒரு சொல்தான் புதிதாக இருக்கலாம். 250 சொல் கொண்ட பக்கத்தில் ஐந்து. ஆசிரியர்கள் சிலர் 'ஐந்து விரல்' என்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கத்தைப் படிக்கும்போது தெரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்க வேண்டும். பக்கம் முடியும் முன் ஐந்து விரலும் மடங்கிவிட்டால், அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம். எண்பது ரிங்கிட் கொடுத்து வாங்கிவிட்டோம் என்பதற்காகத் திணிக்காதீர்கள். இருட்டறையில் துப்புத் தேட முடியாது.

தடுமாறும் பிள்ளைக்கு நான் பரிந்துரைப்பது கேலிச்சித்திரக் கலைஞர் லாட்டின் 'கம்போங் பாய்'. 1979-இல் ஆங்கிலத்தில் வந்த புத்தகம். பேராக் மாநிலக் கிராமத்து வாழ்க்கை. அதில் 'ட்ரெட்ஜ்' என்ற சொல் வரும். படத்தைப் பார்த்தாலே போதும், ஈயம் தோண்டும் அந்தப் பெரிய மிதவைக் கப்பல் தெரிந்துவிடும். பேராக் பக்கத்துத் தாத்தா பாட்டியைக் கேட்டால் அதன் சத்தத்தைக்கூடச் சொல்வார்கள். படமும் ஒரு துப்புதானே!

மலாய் மொழியும் நமக்குத் துணை. 'ஆக்டிவிட்டி', 'எகோனோமி', 'யூனிவர்சிட்டி' என்று எத்தனையோ சொற்கள் அங்கும் இங்கும் ஒன்றே. ஆனால், எழுத்து ஒன்றாக இருந்து பொருள் மாறும் இடமும் உண்டு. ஏ, ஐ, ஆர் என்று மூன்றெழுத்து. மலாயில் தண்ணீர், ஆங்கிலத்தில் காற்று. முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் இதில் குழம்புவது இயல்பு, கோபிக்க வேண்டாம்.

ஒரு முறை ஊகித்துவிட்டால் அந்தச் சொல் நிரந்தரமாக மனத்தில் நிற்குமா? நிற்காது. படிக்கும் போக்கில் எதிர்ப்படும் புதிய சொற்களில் சுமார் 15 விழுக்காடுதான் கற்கப்படுகிறது என்று 1999-இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று காட்டியது. நூற்றுக்குப் பதினைந்து! குறைவாகத் தெரியலாம். ஆனால், நிறையப் படிக்கும் பிள்ளை அதே சொல்லை மறுபடி மறுபடி வேறு வேறு இடத்தில் சந்திக்கும். அதனால்தான் குறிப்பேட்டில் சொல்லை மட்டும் எழுதாமல், அது வந்த வாக்கியத்தையும் எழுதச் சொல்கிறேன். பக்கத்தில் பிள்ளை ஊகித்த பொருள். அதன் பின்னர் அகராதிப் பொருள்.

முன்வரிசையில் இருக்கும் ஐயா, "அப்படின்னா அகராதி வாங்கிக் கொடுக்கிறதே தப்பாம்மா?" என்று இடைவேளையில் கேட்டார். தப்பே இல்லை ஐயா. வரிசைதான் முக்கியம். முதலில் ஊகம், பிறகு அகராதி. எஸ்.பி.எம். ஆங்கிலத் தேர்வு மண்டபத்துக்குள் அகராதி வராது, ஊகிக்கும் பழக்கம் கூடவே வரும். ஆனால், அகராதியே வேண்டாம் என்று விட்டுவிடவும் முடியாது. காரணம் சொல்கிறேன்.

'இன்ஃப்ளேமபிள்' என்ற சொல்லைப் பாருங்கள். 'இன்கரெக்ட்' என்றால் சரியில்லாதது, 'இன்விசிபிள்' என்றால் கண்ணுக்குத் தெரியாதது. அந்த வழியில் போனால் 'இன்ஃப்ளேமபிள்' என்பது தீப்பற்றாதது என்றாகிவிடும். உண்மையில் எளிதில் தீப்பற்றக்கூடியது என்று பொருள். நல்லவேளை, பீப்பாயில் தீச்சுவாலைப் படமும் 'மூடா தெர்பாகார்' என்ற மலாய் வாசகமும் இருந்தால் உயிர் பிழைப்போம்.

இதைவிட ஆபத்தானது வங்கிப் பத்திரம். உறவினர் கடன் வாங்குகிறார், இருவர் ஜாமீன் கையெழுத்துப் போடுகிறார்கள். பத்திரத்தில் 'ஜாயிண்ட்லி அண்ட் செவரலி' என்று ஒரு தொடர் இருக்கும். 'செவரல்' என்றால் பல, ஆகவே பலரும் பங்கு போட்டுக் கட்டுவது போலிருக்கிறது என்று ஊகிக்கத் தோன்றும். சுற்றியுள்ள வாக்கியங்களும் அதை மறுக்காது. ஆனால், சட்டத்தில் அதன் பொருள் சேர்ந்தும் பொறுப்பு, தனித்தனியாகவும் முழுப் பொறுப்பு என்பதாகும். 50,000 ரிங்கிட் கடன் நின்றுபோனால், ஆளுக்கு 25,000 என்று கணக்குப் பார்க்க முடியாது. ஒருவரிடமே முழு 50,000-ஐயும் வங்கி கேட்கலாம். கதைப் புத்தகத்தில் ஊகம் தவறினால் அடுத்த பக்கம் திருத்திவிடும். பத்திரத்தில் அடுத்த பக்கம் கையெழுத்துப் பக்கம்.

மருந்து உறையிலும் அப்படித்தான். 'ட்ரவுஸினஸ்' வரலாம், வாகனம் ஓட்டாதீர் என்று இருந்தால், தூக்கக் கலக்கம் என்று ஊகித்துவிடலாம். ஆனாலும் மருந்தகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே விழுங்குங்கள்.

நேரம் முடிந்துவிட்டது என்று நெறியாளர் சைகை காட்டுகிறார். மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டு இறங்குகிறேன். இன்று வீட்டுக்குப் போனதும் ஏதாவது ஓர் ஆங்கில நாளிதழில் ஒரே ஒரு செய்தியை எடுங்கள். தெரியாத சொற்களில் மூன்றை மட்டும் அடிக்கோடிட்டு, அகராதியைத் திறக்காமல் பொருள் எழுதுங்கள். எந்தத் துப்பை வைத்து எழுதினீர்கள் என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். அதன் பின்னர் அப்பா அம்மா அகராதியை எடுத்துத் திருத்தட்டும். அவர்களுக்கும் இரண்டு சொல் கிடைக்கும்.