உருக்கப்பட்ட வெள்ளி

(குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



எங்கள் பள்ளித் தலைமையாசிரியர் அறையில் ஒரு கண்ணாடி பீரோ இருக்கிறது. அதில் ஏழெட்டுக் கோப்பைகள். அவற்றுள் ஒன்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் உறுத்தும். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில், 200 ஆண்டுகளுக்கு முன் ஓர் அறிவியலாளருக்குக் கிடைத்த வெள்ளிப் பரிசைப் பற்றிப் பேசலாம்.

1812 மே 25 அன்று, இங்கிலாந்தின் வடகிழக்கில் உள்ள ஃபெல்லிங் நிலக்கரிச் சுரங்கம் வெடித்தது. 92 பேர் இறந்தார்கள். நம் வகுப்பறையில் உட்கார்ந்திருக்க வேண்டிய வயதுச் சிறுவர்களும் அதில் இருந்தார்கள். சுரங்கத்தில் கசியும் மீத்தேன் வாயு காற்றோடு கலந்திருக்கும். வெளிச்சத்துக்கு வைத்திருக்கும் விளக்கின் சுடரே அதைப் பற்றவைத்துவிடும். விளக்கு இல்லாமல் வேலை செய்ய முடியாது, விளக்கோடு போனால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை.

1815இல் இந்தச் சிக்கல் சர் ஹம்ப்ரி டேவியிடம் வந்தது. அவர் சுரங்கப் பகுதிக்கு நேரில் போய்ப் பார்த்தார். லண்டன் திரும்பி, மைக்கேல் ஃபாரடேயின் உதவியோடு சோதனைகள் செய்தார். சில மாதங்களிலேயே விடை கிடைத்தது. சுடரைச் சுற்றி நுண்ணிய கம்பி வலை. வாயு வலைக்குள் நுழையும், உள்ளே எரியவும் செய்யும். ஆனால் கம்பிகள் வெப்பத்தைக் கடத்திவிடுவதால் வெளியே உள்ள வாயு பற்றிக்கொள்ளும் அளவுக்குச் சூடேறாது. சுடர் வலையைத் தாண்டாது.

இதை வகுப்பில் காட்ட ஆய்வகம் தேவையில்லை. ஒரு மெழுகுவர்த்தி, எவர்சில்வர் தேநீர் வடிகட்டி போதும். வடிகட்டியை இடுக்கியால் பிடித்துச் சுடரின் மேல் மெல்ல இறக்குங்கள். சுடர் வலைக்குக் கீழேயே நின்றுவிடும். மேலே புகை மட்டும்தான் வரும். “தீ எங்க போச்சு?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். அங்கிருந்து வெப்பக் கடத்தல் பாடத்தைத் தொடங்கலாம்.

டேவி இந்த விளக்குக்குக் காப்புரிமை வாங்கவில்லை. அது மனிதர்களுக்குப் பயன்பட்டால் போதும் என்றார். 1817 அக்டோபரில், நியூகாசிலில் நடந்த விருந்தில், சுரங்க முதலாளிகள் ஒன்றுகூடி அவருக்கு வெள்ளியாலான விருந்துப் பாத்திரத் தொகுதியைப் பரிசளித்தார்கள். மதிப்பு சுமார் 2,500 பவுண்டு. அக்காலத்தில் அது பெருந்தொகை. விளக்கு வந்ததால், வாயு மிகுதி என்று கைவிட்ட பகுதிகளிலும் அவர்கள் நிலக்கரி வெட்ட முடிந்தது. அதனால் வெடிப்புகளும் நின்றுவிடவில்லை. இதையும் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அதற்கு முந்தைய ஆண்டு இன்னொரு பரிசும் வந்திருந்தது. அது வெறும் காகிதம். ஒயிட்ஹேவன் சுரங்கத் தொழிலாளர்கள் 82 பேர் எழுதிய நன்றிக் கடிதம். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. தங்கள் பெயருக்கு நேரே குறி மட்டும் இட்டிருந்தார்கள்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் இனிமையாக இருந்திருக்கும். அதே 1815இல், அதே பகுதியில், ஜார்ஜ் ஸ்டீபன்சன் என்ற சுரங்க இயந்திரத் தொழிலாளியும் ஒரு பாதுகாப்பு விளக்கைச் செய்து, சுரங்கத்துக்குள்ளேயே கொண்டுபோய்ச் சோதித்திருந்தார். பதினெட்டு வயதில்தான் எழுதப் படிக்கக் கற்றவர். பின்னாளில் ரயில் எஞ்சின்களால் புகழ்பெற்றவர் இவரே. பள்ளிக்கூடம் போகாத ஒருவர் தானாக இதைக் கண்டுபிடித்திருக்க முடியும் என்று டேவி நம்பவில்லை. தன் கருத்தைத் திருடிவிட்டார் என்றார். ஸ்டீபன்சனை அறிந்த உள்ளூர்க்காரர்கள் விடவில்லை. விசாரித்து, அவர் தானே செய்தார் என்று அறிவித்தார்கள். 1818இல் 1,000 பவுண்டு திரட்டி, ஒரு வெள்ளிக் குவளையோடு கொடுத்தார்கள். டேவி கடைசிவரை தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. டேவியும் எளிய மரச்சிற்பியின் மகன்தான் என்பதை நினைத்தால் இது இன்னும் வருத்தம் தருகிறது.

டேவி 1829இல் காலமானார். அந்த வெள்ளித் தொகுதியைப் பற்றி உயிலில் ஓர் ஏற்பாடு செய்திருந்தார். குடும்பத்தில் அதற்குத் தேவை இல்லாமல் போனால், ராயல் சொசைட்டி அதை உருக்கி, வேதியியல் கண்டுபிடிப்புகளுக்குப் பதக்கம் வழங்க வேண்டும். அவர் தம்பியின் காலத்துக்குப் பின் அப்படியே நடந்தது. உருக்கி விற்றதில் 736 பவுண்டு கிடைத்தது. அதை முதலாகக் கொண்டு டேவி பதக்கம் பிறந்தது. 1877இல் புன்சனும் கிர்க்காஃபும் முதலில் பெற்றார்கள். பின்னர் மெண்டலீவ் பெற்றார், கியூரி தம்பதியர் பெற்றார்கள். ஒரு வீட்டு அலமாரியில் கறுத்துக் கிடந்திருக்கக்கூடிய வெள்ளி, இன்றும் பதக்கமாக வழங்கப்படுகிறது.

இப்போது எங்கள் பீரோவுக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் அறிவியல் கண்காட்சிக்கு, தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் ஒலிக்கும் மாதிரி ஒன்றைக் கொண்டுபோனோம். ஒயர் இணைத்து, மூன்று முறை தோற்று, நான்காம் முறை ஒலிக்க வைத்தவன் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன். வாய் திறந்து பேச மாட்டான். விண்ணப்பத்தில் ஒரு பெயருக்குத்தான் இடம். நடுவர்கள் முன் நன்றாகப் பேசும் இன்னொரு மாணவனின் பெயரை நான் எழுதினேன். பரிசு வந்தது. மறுநாள் அவன் வந்து, “டீச்சர், அந்தக் கப்ப ஒரு தடவ தொட்டுப் பாத்துக்கட்டுமா?” என்றான். அன்று பீரோ சாவி கிடைக்கவில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். பிறகு மறந்துவிட்டேன். அவன் பள்ளியை விட்டுப் போய்விட்டான்.

டேவி ஸ்டீபன்சனுக்குச் செய்ததை வகுப்பில் குறைசொல்லிக்கொண்டிருந்தவள், அதையே நானும் செய்திருக்கிறேன் என்று அன்றைக்குத் தோன்றவில்லை.

இப்போது எங்கள் பள்ளியில் எந்த மாதிரி செய்தாலும், அதன் அட்டையில் எல்லாப் பெயர்களும் இருக்கும். யார் வரைந்தது, யார் ஒயர் இணைத்தது, யார் பேசியது என்று பெயருக்கு நேரே எழுதுகிறோம். கோப்பை வந்தால் ஒரு வாரம் வகுப்பறை மேசையில் இருக்கும், எல்லோரும் தொட்டுப் பார்த்த பிறகே பீரோவுக்குப் போகும். இதற்குச் செலவு எதுவும் இல்லை. உங்கள் பள்ளியிலும் செய்து பாருங்கள்.