சாரத்தின் மேல் நிற்பவர் நமது அமானிதம்

 



பெருநாள் நெருங்கினால் நம் இல்லங்களில் பெயிண்ட் மணக்கத் தொடங்கிவிடுகிறது. இருபத்தேழாம் இரவுக்குள் முடித்துவிட வேண்டும் என மேஸ்திரியை விரட்டுகிறோம். பேசிய தொகையிலும் குறைக்கச் சொல்கிறோம். குறைத்த அந்தப் பணம் எதிலிருந்து கழிகிறது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? இற்றுப்போன கயிறாலும் ஒற்றைப் பலகையாலும் கட்டிய சாரத்தில் அல்லவா அது கழிகிறது!

அச்சாரம் சரிந்து ஒருவர் விழுந்தால், "தக்தீர்" என்று கூறி ஒதுங்கிக்கொள்கிறோம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டே அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்ட வேண்டும் என நபி (ஸல்) அவர்கள் கற்பித்ததாகத் திர்மிதியில் வருகிறது. தடுப்பில்லாத மாடியில் உறங்குபவரைக் கண்டித்ததாக அபூதாவூதில் அறிவிப்பு உண்டு. தானே அவ்வாறு உறங்குவது தவறெனில், தடுப்பில்லாத பலகையில் இன்னொருவரை ஏற்றி நிறுத்துவது எத்தகையது?

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்றும் இருந்துவிட முடியாது. 1996ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழிலாளர் சட்டம் பத்துப் பேருக்குக் குறைவான பணிகளையும், பத்து லட்சம் ரூபாய்க்கு மிகாத சொந்த வீட்டு வேலைகளையும் விட்டுவிட்டது. அதன் இடத்தில் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத் தொகுப்போ அந்த வரம்பை ஐம்பது லட்சமாக உயர்த்தியுள்ளது. மூன்று பெயிண்டர்கள் நம் வாசலில் நிற்கும்போது, அங்கே பொறுப்பாளி நாமே!

செஞ்சியை அடுத்த மேல்சித்தாமூர் சமண மடத்தால் பெயர்பெற்ற ஊர். நம் சுவரில் வண்ணம் பூசுபவர் அவ்வூர்ச் சமணராயினும், இந்துவாயினும், முஸ்லிமாயினும் அவரது உயிர் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமே.

ஆகவே வேலை தொடங்குமுன் நாமே சென்று பாருங்கள். சவுக்குக் கட்டையும் கயிறும் உறுதியானவையா? பலகைகள் அசையாமல் கட்டப்பட்டுள்ளனவா? இடுப்பளவில் தடுப்புக் கட்டை உண்டா? பாதுகாப்புப் பெல்ட்டின் கயிறு சாரத்தில் அன்றி உறுதியான தூணில் மாட்டப்பட்டுள்ளதா? மின்கம்பி அருகில் உள்ளதா? ஏணி சாயும் இடம் நான்கடி உயரமெனில், அதன் அடி சுவரிலிருந்து ஓரடி தள்ளி இருக்கட்டும். அறைக்குள் டிரம்மின் மீது பலகை போட்டு ஏற விடாதீர்கள். ஆறடி உயரத்திலிருந்து தலைகீழாக விழுந்தாலும் உயிர் போகும். நோன்பாளியை உச்சி வெயிலில் சாரத்தில் நிறுத்தாதீர்கள்.

எவரேனும் விழுந்துவிட்டால் தூக்கி உட்கார வைக்காதீர்கள். முதுகெலும்பு முறிந்திருந்தால் அதுவே ஆயுள் முழுதும் முடமாக்கிவிடும். 108ஐ அழையுங்கள். 1994 முதல் இயங்கும் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பெயிண்டர்களும் பதிவு செய்யலாம். நம் பிள்ளைகள் அவர்களது விண்ணப்பத்தை நிரப்பித் தரட்டும். அதுவும் ஸதக்காவே.

நம் வீட்டுச் சுவரின் பொலிவுக்காக இன்னொரு வீட்டின் அடுப்பு அணையாதிருக்க வல்ல அல்லாஹ் நமக்கு நல்லுணர்வைத் தந்தருள்வானாக! ஆமீன்.