வேஷம் தங்கிய படம்



தருவைகுளத்தில் எங்கள் வீட்டு நடுச்சுவரில் ஒரு பழைய படம் மாட்டியிருக்கிறது. கோயில் திருவிழா நாடகத்தில் ராஜா வேஷம் கட்டிய என் தாத்தா. தலையில் ஜிகினா ஒட்டிய கிரீடம், கழுத்தில் கண்ணாடிமணி மாலை, பின்னால் அரண்மனைத் தூண்கள் எழுதிய ஸ்டுடியோ திரை. மேடையில் அவர் நுழைந்தாலே முன்வரிசைப் பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிடுவார்களாம். ஆச்சி சொல்லிக் கேட்டிருக்கிறேன். படத்தில் அந்த ராஜாவைக் காணோம். கேமராவுக்கு முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், மறுநாள் கடலுக்குப் போக வேண்டிய ஒரு மனிதர். உடுப்பு படத்துக்குள் வந்துவிட்டது, வேஷம் வரவில்லை.

மேடை வேஷத்தைப் புகைப்படத்தில் பிடிப்பது எவ்வளவு அரிய கலை என்று எனக்குப் புரியவைத்தது, தூரதேசத்து இசைத்தட்டு ஒன்றின் உறை. 1974 மார்ச்சில் வெளிவந்த, குயின் என்ற ஆங்கிலேய ராக் குழுவின் இரண்டாவது இசைத்தட்டு அது. படம் எடுத்தவர் மிக் ராக்.

அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் கிளாம் ராக் என்றொரு பாணி இருந்தது. அதற்கு முன் பல ராக் பாடகர்கள் அன்றாட உடுப்போடு மேடையேறுவார்கள். கிளாம் ராக் பாடகர்களோ கண்ணுக்கு மை, முகத்துக்கு மினுக்கு, உயர்ந்த குதிகால் செருப்பு என்று, நம் ஊர் நாடகக்காரர்களைப் போல ஒப்பனை அறையில் உட்கார்ந்து எழுந்துதான் வருவார்கள். டேவிட் போவி 1972இல் ஸிக்கி ஸ்டார்டஸ்ட் என்ற ஒரு பாத்திரத்தையே உண்டாக்கி, அதன் பெயரிலேயே பாடினார். 1973 ஜூலை 3ஆம் நாள் லண்டன் மேடையில் அந்தப் பாத்திரத்துக்கு விடைகொடுத்தார். அந்த வேஷத்தின் ஏராளமான படங்களை எடுத்தவரும் இதே மிக் ராக்தான். அந்தப் படங்களைப் பார்த்துத்தான் குயின் குழு அவரைத் தேடி வந்தது.

குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரி. வீட்டில் வைத்த பெயர் ஃபரோக் புல்சாரா. குஜராத்திலிருந்து போன பார்சி குடும்பம். 1946இல் ஸான்ஸிபார் தீவில் பிறந்தவர், சிறுவயதிலேயே மகாராஷ்டிர மலையூரான பஞ்சகனியின் விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். அங்கே நண்பர்களோடு ஹெக்டிக்ஸ் என்ற குழுவில் பியானோ வாசித்தார். மேடையை விட்டு இறங்கினால் கூச்ச சுபாவம் உள்ளவர் என்று கூட இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். லண்டனில் வரைகலை படித்ததனால், தன் உருவம் ஒரு சட்டத்துக்குள் எப்படி அமையும் என்ற கணக்கு அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இப்போது அந்தப் படம். சுற்றிலும் கும்மிருட்டு. நான்கு முகங்கள் மட்டும் மிதக்கின்றன. ஃப்ரெடியின் கைகள் நெஞ்சின்மேல் குறுக்காக மடிந்திருக்கின்றன, விரல்கள் விரிந்திருக்கின்றன. ஒளி மேலிருந்து விழுகிறது. அதனால் கன்ன எலும்பு துலங்கி, கண்குழியில் நிழல் தேங்குகிறது. 1932ஆம் ஆண்டு ஷாங்காய் எக்ஸ்பிரஸ் திரைப்படத்துக்காக நடிகை மார்லின் டீட்ரிக்கை எடுத்த ஒரு பழைய படத்தைப் பார்த்த மிக் ராக், அதே ஒளியை இங்கே கொண்டுவந்தார். ஒரு நடிகையின் ஒளியில் ஓர் ஆண் பாடகன். எனக்கு அது உறுத்தவில்லை. ஸ்திரீபார்ட் கட்டிய ஆண்களைக் கொண்டாடிய மேடை நம்முடையது.

இதில் நான் வியப்பது விரல்களைத்தான். கிரீடமில்லை, வாளில்லை. விரல்களின் விரிப்பிலும் முகவாயின் நிமிர்விலுமே முழு வேஷமும் நிற்கிறது. அடுத்த ஆண்டு, 1975இல், பொஹீமியன் ராப்ஸடி பாட்டுக்குக் காட்சி எடுத்தபோது குழுவினர் இதே நிலையில் நின்று தொடங்கினார்கள். மேடையிலிருந்து படத்துக்குப் போன வேஷம், படத்திலிருந்து மறுபடி காட்சிக்குத் திரும்பியது.

நம் பக்கத்தில் வேஷத்துக்குப் பஞ்சமா? திருச்செந்தூருக்குத் தெற்கே குலசையில், முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு எத்தனை ஆயிரம் பேர் மாலை போட்டு, விரதமிருந்து, காளியாகவும் குறவன் குறத்தியாகவும் குரங்காகவும் வேஷம் கட்டி வீடு வீடாகக் காணிக்கை பிரிக்கிறார்கள்! அது நேர்ச்சை, பாடகனின் மேடையோடு சமமாக வைக்க மாட்டேன். அங்கே எடுக்கப்படும் படங்களைப் பற்றி மட்டும் ஒரு குறை சொல்ல வேண்டும். பெரும்பாலானவை நிறத்தையும் நெரிசலையும் காட்டுகின்றன. ஃபிளாஷை நேராக முகத்தில் அடித்தால் நிழல் போய்விடுகிறது, நிழலோடு அம்மனும் போய்விடுகிறாள். சடாமுடி கட்டி முடிந்து, நாக்கைப் பொருத்தி, கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டு, அந்த மனிதர் தன் பெயரை மறந்து எழுந்திருக்கும் ஒரு நொடி இருக்கிறது. ஜன்னல் வெளிச்சத்தில் அதற்காகக் காத்திருக்கும் புகைப்படக்காரர்கள் குறைவு.

நம் தூத்துக்குடி மண்ணில் 1867இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் எமன், சனீசுவரன் வேஷங்களில் பார்த்தவரை நடுங்கவைத்தவர். அவருடைய வேஷத்தைக் கண்டு ஒரு பெண் அச்சத்தில் உயிர்விட்டாள் என்றும், அதன்பின் அவர் வேஷம் கட்டுவதையே விட்டு நாடக ஆசிரியராக நிலைத்தார் என்றும் நாடக உலகில் சொல்வார்கள். அந்தச் சனீசுவரனின் ஒரு நல்ல படம் கிடைக்காதா என்று நான் ஏங்கியதுண்டு.

எங்கள் வீட்டுப் படத்தைச் சென்ற மாதம் கழற்றித் துடைத்தபோது ஒன்றைக் கவனித்தேன். தாத்தாவின் முகம் பயந்திருக்கிறது, வலக்கை பயப்படவில்லை. அட்டை வாளின் பிடியில் அது அலட்சியமாக, விரல்கள் தளர்ந்து, உரிமையோடு கிடக்கிறது. மேடையில் நின்ற ராஜா அந்தக் கையில் மட்டும் மிச்சமிருக்கிறார். படம் எடுத்தவர் அந்தக் கையைப் பார்த்திருந்தால்!

உங்கள் வீடுகளிலும் இப்படி நாடகப் படங்கள் இருக்கும். நம் கரையோர ஈரக்காற்றில் பழைய படம் சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். வலிந்து பிய்க்காதீர்கள், கண்ணாடியோடு அப்படியே ஒரு நகல் எடுத்துவையுங்கள். ஒட்டாதவற்றைக் கழற்றி, பின்பக்கம் மென்மையான பென்சிலால் எழுதுங்கள்: யார், எந்த நாடகம், என்ன வேஷம். ஆச்சிமார் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.