துணையும் துணிவும்
(வாலிபர் கூட்டத்தில் ஆற்றிய பேச்சு)



மாத்தளையிலிருந்து வில்கமுவ வரை துவிச்சக்கர வண்டியில் செல்வதென்று பேச்செடுத்தவுடன் எம்மிடையே இரண்டு கட்சிகள் தோன்றிவிடுகின்றன. "பின்னால் ஒரு வான் வராவிட்டால் பிள்ளைகளை அனுப்பமாட்டோம்" என்கின்றனர் பெற்றோர். "வான் வந்தால் அது சைக்கிள் பயணமா?" என்கின்றனர் வாலிபர். எவ்வளவு துணை வேண்டுமென்பதை அச்சமும் தீர்மானிக்கலாகாது, வீம்பும் தீர்மானிக்கலாகாது. பாதையைப் பார்த்தே நாம் முடிவு செய்யவேண்டும்.

றத்தோட்டையைக் கடந்தால் மலையேற்றம். றிவஸ்ரனுக்கு அப்பால் இலுக்கும்புறவை நோக்கி நீண்ட இறக்கம். பின்பு லக்கலப் பகுதியைத் தாண்டி ஹெட்டிப்பொல, வில்கமுவ என்னும் யானை நடமாடும் நாடு. ஏற்றத்திலே உழைப்பு, இறக்கத்திலே பழுது, தாழ்நிலத்திலே ஆபத்து. இம்மூன்றுக்கும் ஒரே விதமான துணை பொருந்தாது.

ஏற்றத்தில் வான் பின்தொடர வேண்டியதில்லை. தொடர்ந்து வந்தால், முதற் களைப்பிலேயே கால்கள் அதனைத் தேடும். ஒடுங்கிய மலைவீதியில் மற்ற வாகனங்களுக்கும் அது இடைஞ்சல். ஆனால் மூட்டைகளை முன்கூட்டியே வாகனத்தில் அனுப்பிவிடுவதில் குறைவொன்றுமில்லை. கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை செல்லும் அடியார்கள் வழியிலுள்ள ஊரார் இடும் அன்னத்தை ஏற்கின்றனர். அதனால் அவர்களுடைய யாத்திரை குறைந்துவிடுவதில்லையே! நடப்பது அவர்களுடைய கால்கள்தாமே.

இறக்கத்தில் வேண்டிய துணை எமது கைகளிலேயே இருக்கவேண்டும். 1913ஆம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்துப் பெரும் பந்தயத்தில் இயூஜின் கிறிஸ்தோப் என்பவர் தூர்மலே மலையிலிருந்து இறங்கும்போது வண்டியின் முன்கவை முறிந்தது. அவர் வண்டியைச் சுமந்து மலையடிவாரக் கிராமத்துக் கொல்லன் பட்டறைக்கு நடந்தார். தாமே இரும்பைக் காய்ச்சி அதனைச் சீர்செய்தார். துருத்தியை ஊதிய சிறுவனின் உதவியைப் பெற்றதற்காக அவருக்குத் தண்டனையும் விதிக்கப்பட்டது! அந்த விதி பந்தயக்காரருக்குரியது. அந்தக் கைத்திறன் எமக்கும் உரியது. ரியூப்புக்கு ஒட்டுப் போடவும், பிரேக் கட்டைகளை மாற்றவும், சங்கிலியைச் சேர்க்கவும் தெரியாதவர் "வான் வேண்டாம்" என்று சொல்ல உரிமையுடையவரல்லர்.

இனித் தாழ்நிலம். வஸ்கமுவ வனம் 1984ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. யானைக்கு அந்த எல்லைக்கோடு தெரியாது. அந்தி சாய்ந்தால் அது வயலுக்கும் வரும், வீதிக்கும் வரும். அப்பகுதியில் யானைகள் கடக்கும் வழியில் பள்ளிப்பிள்ளைகளும் ஊராரும் நடந்து செல்லாதிருக்க, வனவிலங்குப் பாதுகாப்புச் சங்கமொன்று பஸ் ஏற்பாடு செய்தது. பிறந்தது முதல் யானையைக் கண்டு வளர்ந்தவர்களே பஸ்ஸில் ஏறும்போது, ஒரு நாள் விருந்தினராகிய எமக்கு ஏன் வெட்கம்? வெயில் தாழுமுன் போய்ச்சேர முடியாதெனில், வண்டிகளை வாகனத்தில் ஏற்றிவிடுவதே புத்தி.

இன்னுமொரு துணையுண்டு, அது விசாரிப்பு. களுகங்கை நீர்த்தேக்கம் அமைந்தபோது பழைய பல்லேகம நகரம் நீருக்குள் மறைந்து, புதிய நகரம் வேறிடத்தில் எழுந்தது. பழைய நினைவை நம்பித் தேநீர்க் கடையையும் தண்ணீரையும் தேடலாகாது. மலை மறைவில் கைத்தொலைபேசியும் எப்போதும் எட்டாது. ஆகையால், வாகனம் முன்சென்று காத்திருக்கும் இடங்களையும் நேரங்களையும் புறப்படுமுன்னரே குறித்துக்கொள்ள வேண்டும். குறித்த நேரத்தில் குழு வந்து சேராவிடில் வாகனம் திரும்பித் தேடிவரட்டும்.

சுருங்கச் சொன்னால், துணை ஆபத்தை நீக்கட்டும்; உழைப்பை நீக்கவேண்டாம். பெற்றோரே, வாகனத்தைத் தாருங்கள். ஆனால் பிள்ளைகளின் நிழலாக அதனை ஓடவிடாதீர்கள். வாலிபர்களே, குழுவில் மிக மெதுவாக மிதிப்பவரின் வேகத்தையே குழுவின் வேகமாகக் கொள்ளுங்கள். முன்னே சென்றவன் மலைமுகட்டில் நின்று பின்னே வருபவனுக்குத் தண்ணீர் நீட்டுவானாயின், அதனிலும் பெரிய துணையை எந்த வாகனமும் தரமாட்டாது.