பதக்கத்தின் பின்புறம்

 

கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுமாறு பணித்திருந்தீர்கள். முன்னர்ப் பேசிய அறிஞர்கள் அதில் நமக்கு மிச்சம் எதுவும் வைக்கவில்லை. ஆகவே, நம் பள்ளியில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்ல அனுமதி வேண்டுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஒன்பதாம் வகுப்பில் பயின்ற நம் சமுதாய மாணவன் ஒருவன் துணி முடிச்சொன்றைக் கொண்டுவந்து நம் மேசைமீது வைத்தான். அவிழ்த்துப் பார்த்தால், கறுத்துப்போன வெண்கல நட்சத்திரம். குறுக்கிட்ட இரு வாள்கள், உச்சியில் முடி, நடுவில் 1914-15 என்னும் ஆண்டு. அவன் கொள்ளுப்பாட்டனார் ‘ஜெர்மன் சண்டை’க்குப் போய்வந்தவராம். தேநீர்க் கடையில் இதைச் சொன்னபோது, ஊர்ப் பெரியவர் ஒருவர், “உங்கள் ஆட்களைக் குதிரைக்குப் புல் போடக் கூட்டிப் போயிருப்பார்கள்” என்று நகைத்தாராம். “உண்மை எது ஐயா?” என்று கேட்டான் சிறுவன். அவன் கண்கள் கலங்கியிருந்தன.

நாம் பி.ஏ. பட்டத்திற்கு வரலாறு பயின்றவர்களே. ஆயினும் அக்கேள்விக்கு உடனே விடை சொல்ல இயலவில்லை. பூதக்கண்ணாடியை எடுத்து நட்சத்திரத்தைப் புரட்டினோம். முன்புறம் எல்லார்க்கும் ஒன்றே. பின்புறமே ஒருவனுக்கு உரியது. அங்கே ஓர் எண், ‘சிப்பாய்’ என்னும் பதவி, ஆங்கிலேய எழுத்தன் காதில் விழுந்தபடி சிதைந்த ஒரு தமிழ்ப் பெயர், அதன்கீழ் ‘61 பயனியர்’ என்ற குறிப்பு ஆகியவை ஆங்கிலத்தில் பொறிக்கப்பட்டிருந்தன. வெறும் பெயரை வைத்து ஆளைத் தேடுவது வீண் வேலை. ஒரு சேரியிலேயே அப்பெயருடையார் நால்வர் இருப்பர். படைப்பிரிவும் அதற்குள் அவருக்குரிய எண்ணும் சேர்ந்தால்தான் ஆள் அடையாளப்படும்.

61ஆம் பயனியர் படை சென்னை மாகாணத்துப் படை. பயனியர் என்போர் துப்பாக்கியோடு மண்வெட்டியும் கடப்பாரையும் சுமந்தவர்கள். பாதை அமைப்பதும் பாலம் கட்டுவதும் பதுங்குகுழி தோண்டுவதும் அவர்கள் வேலை. தேவைப்பட்டால் முன்வரிசையில் நின்று சுடவும் வேண்டும். தென்னாட்டார் போர்க்குணம் அற்றவர்கள் என்று ராபர்ட்ஸ் போன்ற தளபதிகள் முத்திரை குத்திய பின்பும், சென்னைப் பயனியர் படைகளில் நம்மவர் சேர்க்கப்பட்டு வந்தனர். 1933இல் அப்படைகள் கலைக்கப்பட்டன. படைவாழ்வு பல வீடுகளில் எழுத்தையும் கொண்டு சேர்த்தது. பாபாசாகேப் அம்பேத்கரின் தந்தையார் இராம்ஜி சக்பால் படைப்பள்ளியில் தலைமையாசிரியராய் இருந்தவர் என்பதை, அதே தொழிலில் இருக்கும் நாம் சற்றுப் பெருமிதத்தோடு குறிப்பிடுகிறோம்.

61ஆம் படை 1914 அக்டோபரில் பம்பாயிலிருந்து கப்பலேறியது. நவம்பர் தொடக்கத்தில், அன்று ஜெர்மானியர் வசமிருந்த கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா துறைமுகத்தருகே இறக்கப்பட்டது. அவ்விடம் இன்று தான்சானியாவில் உள்ளது. ஏறத்தாழ 8,000 பேர் சென்றனர். எதிரே லெட்டோ-ஃபோர்பெக்கின் படையில் ஏறத்தாழ 1,000 பேரே. எனினும் படுதோல்வி! கப்பலில் பல நாள் அடைந்து கிடந்து சோர்ந்தவர்களை, எதிரியின் நிலையைச் சரிவர ஒற்றறியாமல், தளபதி ஐட்கன் முன்னே செலுத்தினார். மரங்களிலிருந்து தேனீக்களும் திரண்டு வந்து கொட்டின, இது கட்டுக்கதையன்று. 16 இயந்திரத் துப்பாக்கிகளையும் 6 லட்சம் தோட்டாக்களையும் கரையிலேயே விட்டுவிட்டுக் கப்பலேறினர். பழியில் பெரும்பங்கு இந்தியச் சிப்பாய்களின் தலையில் விழுந்தது. தலைவன் பிழைக்குத் தொண்டன் பொறுப்பாவது நமக்குப் புதிதன்று.

இதைக் கேட்ட மாணவன், “என் கொள்ளுப்பாட்டனார் டாங்காவில் போரிட்டார்” என்று தன் குறிப்பேட்டில் எழுதினான். நாம் அதை அடித்தோம். அவன் முகம் வாடியது. அந்நட்சத்திரம் வீரச்செயலுக்குத் தரும் விருதன்று. 1915 டிசம்பர் 31க்குள் போர்க்களப் பகுதிக்குச் சென்று பணிபுரிந்தோர்க்குத் தந்த பதக்கம். அவர் டாங்காவிலும் இருந்திருக்கலாம், அடுத்த ஆண்டில் போய்ச் சேர்ந்தும் இருக்கலாம். “61ஆம் பயனியர் படையின் சிப்பாய், 1915 முடிவதற்குள் போர்க்களம் கண்டவர்” என்று எழுதச் சொன்னோம். இதனை எவரும் மறுக்க முடியாது. மறுக்க முடியாத ஒரு வரிதான் தேநீர்க் கடைக்குத் தேவைப்பட்டது.

மற்றொன்றும் சொன்னோம். புல் போட்டவராகவே இருந்திருந்தால்தான் என்ன? முதல் உலகப் போரில் இந்தியப் படையில் சேர்ந்தோருள் 5.5 லட்சத்திற்கும் மேற்பட்டோர் ஆயுதம் ஏந்தாதவர்கள். குதிரை பராமரித்தனர், காயம்பட்டோரைச் சுமந்தனர், சமைத்தனர், மலம் அள்ளினர். சிப்பாய்க்கு வெள்ளியில் தந்த அதே போர்ப்பதக்கத்தைத் தொழிலாளர் படையினர்க்கு வெண்கலத்தில் வார்த்துத் தந்தார்கள். பதக்கத்திலும் வரிசை பார்த்தவர்கள்! இன்றும் பல ஊர்ச் சாவடிகளில் பதித்திருக்கும் போர் நினைவுக் கற்களைப் பாருங்கள். இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் மாண்டார்கள் என்ற எண்ணிக்கை இருக்கும், பெயர் இராது.

மாணவனின் வீட்டில் வெள்ளிப் பதக்கமும் இருந்ததாம். ஒரு கலியாணச் செலவுக்கு விற்றுவிட்டார்களாம். நட்சத்திரம் விலை போகாததால் தங்கியது. பழைய பெட்டிகளில் இத்தகையவை இருப்பின், புளி போட்டுத் தேய்த்து எழுத்தை அழித்துவிடாமல், அப்படியே நம் சங்க நூலகத்திற்குக் கொண்டுவாருங்கள். படித்துக் குறித்துக்கொண்டு திருப்பித் தருவோம்.

எழுதி முடித்ததை அம்மாணவன் தன் பாட்டியாரிடம் படித்துக் காட்டினான். நாமும் உடனிருந்தோம். பொறித்திருந்த எழுத்தின்படியே அவன் பெயரை உச்சரித்ததும், அம்மையார் கையமர்த்தினார். “என் மாமனார் பேரை அப்படியா சொல்றது?” என்று கூறி, அதைச் சரியாக உச்சரித்துக் காட்டினார். மாணவன் வெள்ளைக்காரன் எழுத்தை அடித்துவிட்டுத் தமிழில் எழுதிக்கொண்டான்.