இரைப்பைப் பட்டி அகற்றிய பின்: நோயாளிக்கு நோயாளி துணை

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருநாமத்தால் ஆரம்பிக்கின்றேன்.



இம்ரான் இப்னு ஹுஸைன் (ரழி) அவர்களுக்கு மூலநோய் இருந்தது. வெளியில் சொல்லக் கூச்சப்படும் நோய்தான் அது. எனினும் அவர்கள் அதனை மறைத்து வைக்கவில்லை. அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்களிடம் சென்று, இந்நிலையில் எவ்வாறு தொழுவது என்று கேட்டார்கள். நின்று தொழ இயலாதவர் அமர்ந்தும், அதுவும் இயலாதவர் ஒருக்களித்துப் படுத்தும் தொழலாம் என்ற இலகு அப்பொழுது கிடைத்தது. ஸஹீஹுல் புஹாரியில் இது பதிவாகியுள்ளது. ஒரு நோயாளி வாய் திறந்து கேட்டதனால் அவருக்குப் பின் வந்த எத்தனை கோடி நோயாளிகள் பயனடைந்திருக்கின்றார்கள் என்பதைச் சற்றுச் சிந்தித்துப் பாருங்கள்.

நமது வீடுகளிலே இன்று அவ்வாறு மறைக்கப்படும் ஒரு விடயம் பற்றியே இன்றைய உரை அமைகின்றது. உடற்பருமனுக்காக இரைப்பையில் பட்டி பொருத்திக்கொண்டு, பின்னர் அதனை அகற்ற நேர்ந்தவர்களின் நிலை அது. லண்டனிலும் மெல்பர்னிலும் வாழும் நம் உறவினர்களுள் இப்பட்டியைப் பொருத்திக்கொண்டோர் உள்ளனர்.

'கெஸ்ட்ரிக் பேண்ட்' எனப்படுவது இரைப்பையின் மேற்பகுதியைச் சுற்றிப் பூட்டப்படும் ஒரு சிலிக்கன் வளையமாகும். தோலுக்கடியில் வைக்கப்படும் சிறு குமிழொன்றினூடாக ஊசியால் உப்புநீர் ஏற்றி அதனை இறுக்குவர், எடுத்துத் தளர்த்துவர். சிறு துவாரங்கள் வழியாக இதனைப் பொருத்தும் முறை 1993இல் பெல்ஜியத்தில் ஆரம்பமாயிற்று. 2001இல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தபின் வேகமாகப் பரவியது. ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் மறுபக்கம் தெரியவந்தது. சிலருக்குப் பட்டி இடம் நழுவியது. சிலருக்கு அது இரைப்பையின் சுவரை அரித்து உள்ளே புகுந்தது. வேறு சிலருக்கு உணவுக்குழாய் விரிந்து, இரவில் புளித்த நீர் தொண்டைவரை ஏறி உறக்கத்தைக் கெடுத்தது. ஒரு பிடி சோறும் ஒரு துண்டு இறைச்சியும் இறங்காமல் அடைத்துக்கொள்ள, விருந்தின் நடுவே எழுந்து குளியலறைக்கு ஓடியவர்கள் பலர். இக்காரணங்களால் பட்டி பொருத்தியோரில் கணிசமானோர் அதனை அகற்றிவிட்டனர். வைத்தியர்களும் இன்று பெரும்பாலும் வேறு சத்திரசிகிச்சை முறைகளையே நாடுகின்றனர்.

ஆகவே பெற்றோர்களே, பட்டி அகற்றப்பட்டது உங்கள் பிள்ளையின் மனவுறுதிக் குறைவினால் அல்ல என்பதை முதலில் விளங்கிக்கொள்ளுங்கள். உடலினுள் வைத்த ஒரு கருவி பழுதடைந்தது. அல்லது உடல் அதனை ஏற்கவில்லை. இதில் வெட்கப்பட என்ன இருக்கின்றது?

அகற்றும் சத்திரசிகிச்சையும் பெரும்பாலும் சிறு துவாரங்கள் வழியாகவே நடைபெறுகின்றது. ஆரம்ப நாட்களில் நீராகாரம், பின்னர் மசித்த உணவு, அதன்பின் மென்மையான உணவு என்று வைத்தியர் படிப்படியாக அனுமதிப்பார். சில வாரங்களுக்குப் பாரம் தூக்கலாகாது. காய்ச்சல், தணியாத வயிற்றுவலி, ஓயாத வாந்தி, வேகமான இதயத்துடிப்பு, காயத்தில் சிவப்போ சீழோ காணப்பட்டால் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

காயம் ஆறுவது இதில் இலகுவான பகுதி. கடினமானது பசி. பட்டி அடக்கி வைத்திருந்த பசி மீண்டு வருகின்றது. நெடுங்காலம் விழுங்க முடியாதிருந்த பாணும் சோறும் இப்பொழுது தடையின்றி இறங்குகின்றன. அதில் ஒரு மகிழ்ச்சி உண்டு. கூடவே ஓர் அச்சமும் உண்டு. குறைந்த நிறை திரும்பவும் ஏறிவிடுமோ என்ற அச்சம் அது. பலருக்கு உண்மையிலேயே ஏறுகின்றது. அந்நேரத்தில் வீட்டார் சொல்லும் ஆறுதலை விட, அதே பாதையில் ஆறு மாதம் முன்னால் நடந்த ஒருவரின் சொல்லே உள்ளத்தில் இறங்கும். தோளில் தோன்றும் அந்த வலி வயிற்றினுள் செலுத்திய வாயுவினால் வருவது, சில நாளில் போய்விடும் என்று அவர் சொல்வார். பட்டி இருந்த இடம் சில காலம் வீங்கி இறுக்கமாகவே இருக்கும், பயப்பட வேண்டாம் என்பார். எனக்கும் நிறை ஏறியது, நான் வைத்தியரிடம் திரும்பச் சென்றேன் என்று ஒளிக்காமல் கூறுவார். வேறொரு சத்திரசிகிச்சை தேவையா, எவ்வளவு காலம் காத்திருப்பது என்பவற்றை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். ஆனால் அக்கேள்வியை வைத்தியரிடம் கேட்கும் தைரியத்தைச் சக நோயாளியே தருகின்றார். பல நாடுகளில் வைத்தியசாலைகளே இத்தகையோரை ஒன்றுகூட்டிப் பேசச் செய்வது இதனால்தான்.

நோயாளியை விசாரிப்பதை ஒரு முஸ்லிம் மற்றொரு முஸ்லிமுக்குச் செய்யவேண்டிய கடமைகளுள் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் எண்ணிக் கூறியுள்ளார்கள். நாம் விசாரிக்கும் விதமோ சில வேளைகளில் நோயை விடக் கொடியது. "இவ்வளவு காசைச் செலவழித்து என்ன பலன்?" என்று மாமி கேட்கின்றார். வயிற்றின் மூன்றில் ஒரு பங்கை உணவுக்கும், ஒரு பங்கை நீருக்கும், ஒரு பங்கை மூச்சுக்கும் விடுமாறு வழிகாட்டும் ஹதீஸை ஒருவர் எடுத்து நோயாளியின் முகத்தில் எறிகின்றார். அந்த ஹதீஸ் நாம் ஒவ்வொருவரும் நமது தட்டைப் பார்த்து ஓதிக்கொள்வதற்குரியது. பருமனைக் கேலி செய்து பட்டப்பெயர் சூட்டும் இளைஞர்களே, ஸூரதுல் ஹுஜுராத்தின் 11ஆம் வசனத்தைத் திறந்து பாருங்கள். பரிகாசத்தையும் பட்டப்பெயரையும் அல்லாஹ் ஒரே வசனத்தில் தடுத்திருக்கின்றான்.

வலீமாவிலே ஸஹனைச் சுற்றி அமர்ந்திருக்கும்போது ஒருவர் நான்கு கவளத்துடன் கையை எடுத்துவிட்டால், ஏனையோரின் கண்கள் அவர்மீது திரும்புகின்றன. "இன்னும் கொஞ்சம்" என்று இறைச்சியை அவர் பக்கம் தள்ளுகின்றோம். அன்பினால் செய்வதுதான், ஆயினும் அவருக்கு அது சோதனை. சத்திரசிகிச்சையை வெளியில் சொல்லாதவருக்கோ இரட்டைச் சோதனை. அவரைத் தனித்தட்டில் உண்ணவிடுங்கள், காரணம் கேட்காதீர்கள். உம்மாமார்களே, வட்டிலப்பத்தைக் கொடுத்துத்தான் பிள்ளைமீது அன்பைக் காட்ட வேண்டும் என்பதில்லை. மாலையில் அவளோடு சிறிது தூரம் நடந்து வாருங்கள்.

வணக்க வழிபாடுகளிலும் தம்மை வருத்திக்கொள்வோர் உள்ளனர். குனிய முடியாதபோது இம்ரான் (ரழி) அவர்களுக்குக் கிடைத்த சலுகை உங்களுக்கும் உரியது. காயம் வயிற்றில் இருப்பதால் வுழூவுக்குத் தடையில்லை. கடமையான குளிப்பு பற்றி ஆலிம் ஒருவரிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். றமழானில் நீராகாரத்தில் இருப்பவர் நோன்பை விட்டுப் பின்னர் களாச் செய்யலாம். ஸூரதுல் பகராவின் 184, 185ஆம் வசனங்கள் நோயாளிக்கு அந்த அனுமதியை வழங்குகின்றன. எப்பொழுது மீண்டும் நோற்பது என்பதை வைத்தியரிடம் கேளுங்கள்.

நமது ஊர்களில் இப்பட்டி அகற்றியோர் விரல்விட்டு எண்ணத்தக்கவராகவே இருப்பர். ஆயினும் எடைக்குறைப்புச் சத்திரசிகிச்சை செய்தோரும், நீரிழிவுக்காக உணவை மாற்றியோரும் ஒரே வட்டத்தில் அமரலாம். பெண்களுக்கெனத் தனி அமர்வு அவசியம். அங்கு பேசியது அமானிதம். கல்யாணப் பேச்சு நடக்கும் ஒரு யுவதியின் செய்தி அங்கிருந்து வெளியே சென்றால் அடுத்த மாதம் எவரும் வரமாட்டார். ஒருவருக்கு எழுதிய மருந்தை மற்றவர் வாங்கி விழுங்குவதும் கூடாது. மஸ்ஜித் நிர்வாகிகள் மாதம் ஒருமுறை ஓர் அறையைத் திறந்துவிட்டாலே போதும். நாற்காலிகளை மட்டும் பார்த்துப் போடுங்கள்: கைப்பிடியில்லாத, அகலமான, உறுதியான நாற்காலிகள்.