டிராக்டர் லாரியானால் தொழிலாளி கதி என்ன?

(அரூரில் மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



இன்று நாம் பேச வந்த விஷயம் உங்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு வண்டியைப் பற்றியது. உழுவதற்காகச் செய்த டிராக்டர் இன்று நமது வட்டாரத்தில் என்னவெல்லாம் சுமக்கிறது? கோபாலபுரம் சுப்பிரமணிய சிவா கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு சுமக்கிறது. சேகோ மில்லுக்கு மரவள்ளிக் கிழங்கு சுமக்கிறது. செங்கல், ஜல்லி, மண், வீடு கட்டும் கம்பி எல்லாம் அதிலேதான் போகின்றன. ஏர் பூட்டிய நாளைவிட டிரெய்லர் மாட்டிய நாள்தான் அதற்கு அதிகம். அந்தச் சுமைக்கு மேலே, கையில் அரிவாளும் தூக்குச் சட்டியுமாக உட்கார்ந்து போவது யார்? நாம்தான்.

ஒரு வேலைக்குச் செய்த வண்டியை வேறு வேலைக்கு மாற்றுவது நமது ஜனங்களுக்குப் புதிதல்ல. கட்டை வண்டியின் இரும்புப் பட்டைச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு மோட்டார் டயரைப் பூட்டினார்கள். டயர் வண்டி வந்தது. மாட்டுக்கும் பாரம் குறைந்தது, வண்டிக்காரனுக்கும் ஒரு நடை கூடக் கிடைத்தது. சென்னையிலே மூன்று சக்கர மிதிவண்டியில் பழைய மோட்டார் எஞ்சினைப் பூட்டினார்கள். மீன்பாடி வண்டி வந்தது. வடநாட்டிலே இறவைப் பம்புக்கு வைத்த டீசல் எஞ்சினை மரச்சட்டத்தில் ஏற்றி 'ஜுகாட்' என்று ஓட்டினார்கள். அதுவும் மோட்டார் வாகனம்தான், பதிவு இல்லாமல், இன்ஷூரன்ஸ் இல்லாமல் ரோட்டில் ஓடக்கூடாது என்று 2013ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிற்று. ஏழையின் கைத்திறனை நாம் குறை சொல்ல வரவில்லை. அந்தத் திறனால் வந்த லாபம் ஒருவனுக்கு, அதனால் வந்த ஆபத்து இன்னொருவனுக்கு என்று பங்கு பிரிகிறதே, அதைத்தான் கேட்க வந்திருக்கிறோம்.

டிராக்டர் ஏன் லாரியாகிறது? சென்னையில் டாஃபே கம்பெனி தொடங்கியது 1960ல். அந்த நாட்களில் டிராக்டர் என்றால் பெரிய பண்ணைக்காரன் வீட்டுச் சாமான். இன்று நாலு ஏக்கர் வைத்திருப்பவனும் பாங்கியில் விவசாயக் கடன் வாங்கி ஒரு டிராக்டரை நிறுத்தியிருக்கிறான். நமது வானம் பார்த்த பூமியில் வருஷம் முழுவதும் உழவு உண்டா? இல்லை. ஆனால் தவணை மட்டும் தவறாமல் வருகிறது. ஆகவே டிரெய்லரை மாட்டி வாடகைக்கு ஓட்டினால்தான் கடன் அடையும். அந்தச் சிறு விவசாயி நமக்கு எதிரி அல்ல. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். ஏனென்றால் டிராக்டர்காரனைத் திட்டிவிட்டுப் போனால் கைதட்டல் கிடைக்கும், காரியம் நடக்காது.

இனி எந்திரத்துக்கு வருவோம். டிராக்டர் ஓட்டும் தோழர்கள் இங்கே இருக்கிறார்கள், தவறானால் திருத்தட்டும். டிராக்டருக்கு இழுக்கிற சக்தி அபாரம். ஆனால் இழுக்கிற சக்தி வேறு, நிறுத்துகிற சக்தி வேறு. பெரும்பாலான டிராக்டரில் பிரேக் பின் சக்கரத்தில்தான். இடது சக்கரத்துக்கு ஒரு மிதி, வலதுக்கு ஒரு மிதி. வயலில் சால் திருப்பும்போது ஒரு பக்கம் மட்டும் அழுத்தித் திரும்ப அது வசதி. ரோட்டுக்கு வந்தால் இரண்டு மிதியையும் கொண்டி போட்டு இணைக்க வேண்டும். கொண்டி போடாமல் ஒரு மிதியை மட்டும் மிதித்தால் வண்டி ஒரு பக்கமாகச் சுழன்று கவிழும். அவசரத்தில் மறந்தவன் வீட்டில் அன்றே ஒப்பாரி.

டிரெய்லருக்கோ பல இடங்களில் பிரேக்கே கிடையாது. மஞ்சவாடி கணவாய் இறக்கத்தை நினைத்துப் பாருங்கள். பின்னாலே டன் கணக்கில் பாரம். முன்னாலே டிராக்டர் நிறுத்தப் பார்க்கிறது, பின்னாலே பாரம் நெட்டித் தள்ளுகிறது. டிரெய்லர் மடங்கி டிராக்டரையே புரட்டிப் போடுகிறது. டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் இறக்குகிறவன் எஞ்சினின் பிடியையும் இழக்கிறான். மேட்டில் ஏறும்போது வேறு ஆபத்து. கொக்கியை உயரத்தில் மாட்டிக் கனத்த பாரத்தை இழுத்தால் முன் சக்கரம் தூக்கிக்கொண்டு மல்லாக்கச் சாயும். இருட்டில் பின் விளக்கும் இல்லாமல், கரும்பு இரண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டு நிற்கிற டிரெய்லரில் மோட்டார் சைக்கிளில் வருகிற கூலிக்காரன் மோதுகிறான்.

இதற்கு மேல் டன் கணக்கு வாடகை. பாரம் கூடினால் காசு கூடும். வெட்டிய கரும்பு காய்ந்தால் எடையும் குறையும், சர்க்கரைச் சத்தும் குறையும். ஆகவே விவசாயிக்கு அவசரம். நடை கூடவேண்டும் என்று டிராக்டர்காரனுக்கு அவசரம். ஆலை வாசலில் வரிசை. எல்லார் அவசரமும் சேர்ந்து கடைசியில் தொழிலாளி தலையில் ஏறுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி விவசாய டிராக்டர் வாடகைப் போக்குவரத்து வண்டி அல்ல. ஆனால் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில் சரக்கு வண்டி என்பதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது. சரக்கு ஏற்றுவதற்கென்று செய்யாத வண்டியானாலும், சரக்கு ஏற்றப் பயன்படுத்தும்போது அது சரக்கு வண்டிதான் என்கிறது. கர்நாடகத்து வழக்கு ஒன்றில், டிராக்டரும் டிரெய்லரும் சேர்ந்து சரக்கு ஏற்றினால் அது சரக்கு வண்டி, பெர்மிட் வேண்டும் என்று 2005ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அதாவது காலையில் ஏர் பூட்டும்போது விவசாயக் கருவி. மத்தியானம் வாடகைக்குச் செங்கல் ஏற்றும்போது சரக்கு வண்டி. இரும்பு மாறவில்லை, வேலை மாறிவிட்டது. இன்ஷூரன்ஸ் காகிதமோ பல டிராக்டருக்குக் காலை வேளைக்கு மட்டுமே இருக்கிறது!

விபத்து நடந்தால் கம்பெனி வக்கீல் என்ன சொல்வார்? "டிராக்டருக்கு ஒரே சீட், அது டிரைவருக்கு. டிரெய்லரில் ஆள் ஏற உரிமை இல்லை. விவசாயத்துக்கு என்று பாலிசி, வாடகைக்கு ஓடியிருக்கிறது. பணம் இல்லை." சரி, முறையாகச் சரக்கு வண்டியாகப் பதிந்திருந்தால்? அப்போதும் வண்டி முதலாளியின் கூலியாட்களுக்கும், சரக்கின் சொந்தக்காரருக்கும் அவர் அனுப்பும் ஆளுக்கும்தான் பாதுகாப்பு. சரக்கு வண்டியில் சும்மா ஏறிப்போகிறவர்களுக்குக் கம்பெனி பொறுப்பல்ல என்று 2003லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லியாகிவிட்டது. இப்போது கரும்பு வெட்டும் தோழரை எடுத்துக்கொள்ளுங்கள். அவரைக் கூட்டி வந்தவர் மேஸ்திரி. கரும்பு விவசாயியுடையது. டிராக்டர் இன்னொருவருடையது. கரும்பு போவது ஆலைக்கு. செத்தால் அவர் யாருடைய ஆள்? நாலு பேரும் கையை விரிக்கிறார்கள். உயிரோடு இருக்கும்வரை நாலு பேருக்கும் உழைத்தவர், செத்த பிறகு ஒருவருக்கும் ஆள் இல்லை!

2007ல் ஒரு வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. செங்கல் சூளைக்கு மண் ஏற்றிய டிராக்டரிலிருந்து விழுந்து அடிபட்ட கூலித் தொழிலாளி. விவசாய வேலைக்கு வெளியே ஓடிய வண்டி என்பதால் கம்பெனிக்குப் பொறுப்பில்லை என்று கோர்ட் ஒப்புக்கொண்டது. ஆயினும் பாதிக்கப்பட்டவர் ஏழை. ஆகவே கம்பெனி முதலில் பணத்தைக் கொடுக்கட்டும், பிறகு உடைமையாளரிடம் வசூலிக்கட்டும் என்று தனக்குள்ள விசேஷ அதிகாரத்தில் உத்தரவிட்டது. நல்லதுதான். ஆனால் ஒவ்வொரு கூலிக்காரரும் டில்லி வரை போக முடியுமா?

லைசென்ஸ் சாக்கு இனிச் செல்லாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். டிராக்டர் லைசென்ஸ் உள்ளவர் டிரெய்லர் மாட்டியதாலேயே தகுதி இழந்துவிட மாட்டார் என்று 2001ல் தீர்ப்பு. 7,500 கிலோ எடைக்கு உட்பட்ட வண்டிகளை இலகு ரக லைசென்ஸ் வைத்திருப்பவர் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் உறுதி செய்தார்கள்.

1923ல் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தை 2020ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் அடைத்தார்கள். பழைய சட்டத்தில் ஒரு நல்ல விதி உண்டு: தன் தொழிலுக்காகக் காண்ட்ராக்டர் மூலம் வேலை வாங்கினாலும் முதலாளியே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்பது. மேஸ்திரி முதுகுக்குப் பின்னால் யாரும் ஒளியக்கூடாது என்பதற்காக உழைப்பாளி வர்க்கம் வாங்கிய விதி அது. அதை நாம் விடப்போவதில்லை.

ஆகவே நமது கோரிக்கைகள் இவை. கரும்பு வெட்டும் ஆட்களை ஏற்றிப் போக ஆலையும் விவசாயியும் சேர்ந்து தனி வண்டி கொடுக்கட்டும். பாரத்தின் மேல் ஆள் ஏறுவது நிற்கட்டும். அரவை தொடங்கும் முன்பே ஆலை வாசலில் முகாம் போட்டு ஒவ்வொரு டிரெய்லருக்கும் பிரேக், பின் விளக்கு, பிரதிபலிக்கும் பட்டை பார்க்கட்டும். வாடகைக்கு ஓட்டும் சிறு விவசாயிக்கு முறையான பதிவும், ஏற்றி இறக்கும் ஆட்களைச் சேர்த்த இன்ஷூரன்ஸும் அவன் தாங்கும் கட்டணத்தில் சர்க்கார் செய்து தரட்டும். அபராதம் போடுவதற்கு மட்டும் ரோட்டில் நிற்கும் அதிகாரிகள் இதற்கும் ஒரு நாள் வரட்டும். டிரைவருக்கு நடைக் கணக்கோடு நாள் சம்பளமும் வேண்டும். அப்போதுதான் அவர் நிதானமாக ஓட்டுவார்.

சர்க்கார் செய்யும் வரை நாம் செய்ய வேண்டியதும் உண்டு. வேலைக்கு ஏறும் முன் வண்டி நம்பரையும், கூட்டிப் போகும் மேஸ்திரி பேரையும், கூலி பேசிய தேதியையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். எழுதத் தெரிந்த பிள்ளைகள் இன்று எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். விபத்து நேர்ந்தால் முதல் தகவல் அறிக்கையில், அடிபட்டவர் என்ன வேலைக்காக வண்டியில் இருந்தார் என்பதைச் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். 'லிப்ட் கேட்டு ஏறினார்' என்று ஒரு வரி விழுந்துவிட்டால் குடும்பத்துக்கு அதோடு சரி. 2019 திருத்தம் நஷ்ட ஈட்டு மனுவுக்கு ஆறு மாதக் கெடு வைத்தது. கெடுவைப் பற்றி வக்கீல்கள் வாதாடட்டும். நாம் ஆறு மாதத்துக்குள் மனுவைப் போட்டுவிட வேண்டும்.

காகிதத்துக்கு இத்தனை பலமா என்று கேட்கிறீர்கள். பக்கத்தில் வாச்சாத்தி இருக்கிறது. 1992ல் நடந்த கொடுமைக்கு 2011ல் தர்மபுரி கோர்ட்டில் தண்டனை. 2023ல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அத்தனை வருஷமும் அந்த மலைவாழ் பெண்கள் சொன்ன சொல் மாறாமல் சாட்சி சொன்னார்கள். சங்கம் அவர்கள் பக்கம் நின்றது.

கூட்டம் முடிந்ததும் மகஜரில் கையெழுத்து வாங்குகிறோம். கிராமத்துக்கு இரண்டு பேர் பொறுப்பு ஏற்க வேண்டும். உங்கள் ஊரிலிருந்து கரும்பு ஏற்றப் போகும் டிராக்டர் எத்தனை, எத்தனை டிரெய்லருக்குப் பிரேக் இருக்கிறது, எத்தனை ஆள் மேலே ஏறுகிறார்கள் என்று எண்ணி எழுதி, அரவை தொடங்குவதற்கு முன் கொண்டுவந்து கொடுங்கள். ஆலை நிர்வாகத்திடமும் ஆர்.டி.ஓ.விடமும் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசப்போகிறோம்.